மேசைக்குள் படுத்திருப்பவர்களுக்கு

நம் மாயாஜாலப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஆறு பேரையும் நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இப்போது ஷார்ஜாவில் மகளோடு இருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி மாஸ்டர் போனில் கேட்டார். பெட்டிக்குள் எந்தக் காலை முதலில் வைப்பது, தோளை எப்படிக் குறுக்குவது என்பதெல்லாம் ஒத்திகையில் சொல்லித் தருவார்கள். அவற்றை நான் எழுதப் போவதில்லை. நான் செய்த ஒரு தவறையும், அதைத் தொடர்ந்து நடந்ததையும் எழுதுகிறேன். அந்தத் தவறு முழுதாகச் சரியாகிவிட்டதா என்பது எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

நான் மாயாஜாலம் கற்று வந்தவள் அல்ல. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். குவைத்தில் ஒரு வீட்டில் ஏழு வருடம் வேலை செய்துவிட்டுத் துபாய்க்கு வந்தேன். அல் கூஸில் இருக்கும் நம் கிடங்கில் மேடை உடைகளைத் துவைத்துத் தேய்க்கும் வேலை கிடைத்தது. அப்போதுதான் மாஸ்டர் தன் முதல் பெரிய நிகழ்ச்சியைத் தயார் செய்துகொண்டிருந்தார். அவர் சென்னைக்காரர், ஒரு வங்கியில் கணினி வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு மேடைக்கு வந்தவர்.

அந்த நிகழ்ச்சி ஒரு மனிதருடைய வாழ்க்கைக் கதை. விக்டோரியா மகாராணி காலத்தில் லண்டனில் ஒரு மண்டபத்தை எடுத்து, தினம் இரண்டு காட்சிகள் நடத்திய மாயாஜாலக்காரர் அவர். அவர் பிறந்ததிலிருந்து கடைசிக் காட்சி வரைக்கும், அவருடைய வித்தைகளோடு சேர்த்து இரண்டு மணி நேரத்தில் சொல்வோம். மாஸ்டர்தான் அவராக நடிப்பார். எங்கள் தோட்டத்தில் வெள்ளைக்கார மேலாளர்களைத் துரை என்பார்கள். அந்தப் பழக்கத்தில் நானும் அவரைத் துரை என்று சொல்லப்போக, கம்பெனி முழுவதும் அதையே சொல்ல ஆரம்பித்தது. துரையின் கறுப்புக் கோட்டைத் தேய்த்தபோது அதில் பதினொரு பைகள் இருந்தன. இரண்டு பைகள் முதுகுப் பக்கம். முதுகில் பை வைத்துத் தைத்துக்கொள்பவர் எப்படிப்பட்ட ஆளாக இருப்பார் என்று எனக்கு அப்போதே அறிய ஆசை வந்தது.

நிகழ்ச்சியின் பெரிய வித்தையில் துரையின் மனைவி வருவார். வலைத் துணி தொங்கும் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு மேசை மேல் ஏறி, அங்கிருக்கும் மரப்பெட்டிக்குள் இறங்குவார். பெட்டியைக் கட்டிச் சங்கிலியால் மேலே தூக்குவார்கள். அந்தரத்தில் பெட்டியின் நான்கு பக்கமும் விரிந்து விழும். உள்ளே யாரும் இல்லை. அரங்கத்தின் கடைசி வரிசையில் விளக்கு எரியும். அங்கே அவர் நின்றுகொண்டிருப்பார். கடைசி வரிசையில் நிற்பவர் அதே உடை போட்ட இன்னொரு பெண். முதலில் பெட்டிக்குள் இறங்கியவர் அதன் அடிக் கதவு வழியாக நழுவி மேசைக்குள் படுத்திருப்பார். அந்த மேசையின் ஓரத்தைச் சரிவாக அறுத்திருப்பதால் தூரத்திலிருந்து மெல்லிய பலகை போலத் தெரியும். உள்ளே ஒன்றரைச் சாண் உயரம்தான். திரை விழுந்து வெளியிலிருந்து திறந்துவிடும் வரை அசைய முடியாது. ஒன்றரை நிமிட வேலை.

அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த பெண் கர்ப்பமாகி ஊருக்குப் போய்விட்டார். மாஸ்டர் நேராக இஸ்திரிப் பகுதிக்கு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்க உயரம் என்னம்மா?”

“நாலடி பத்து அங்குலம் சார்.”

“இருட்டுன்னா பயமா?”

“எதுக்கு சார் பயம்?” என்றேன். அப்படித்தான் நான் மேடைக்கு வந்தேன்.

மேசையைச் செய்தவர் யோகன் அண்ணன். யாழ்ப்பாணத்துத் தச்சர், அதிகம் பேசமாட்டார். ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் மேசையைத் திறந்து, “பிள்ளை, உள்ள மூச்செடுக்கேலுமோ?” என்று மட்டும் கேட்பார். ஏதாவது சிக்கல் என்றால் உள்ளேயிருந்து இரண்டு முறை தட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

அடுத்த வருடம் குவைத்தில், அப்பாசியாவில் ஒரு சங்கத்தின் ஆண்டு விழா. பள்ளிக்கூட அரங்கத்தில் எங்கள் நிகழ்ச்சியைச் சுருக்கிப் போட்டோம். பெட்டி மேலே போய் விரிந்தது. கடைசி வரிசையில் விளக்கு எரிந்தது. கைதட்டல் மரப்பலகை வழியாக, மழை பெய்வது போல எனக்குக் கேட்டது. அடுத்து திரை விழ வேண்டும். விழவில்லை.

சங்கச் செயலாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடி வந்துவிட்டார். ஜனம் உற்சாகமாக இருக்கும்போதே சிறப்பு விருந்தினரைப் பேச வைத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். கேடயங்களையும் பொன்னாடைகளையும் பூங்கொத்துகளையும் கொண்டுவந்து வைக்க ஒரு மேசை தேவைப்பட்டது. மேடையில் இருந்த ஒரே மேசைக்குள் நான் இருந்தேன்.

என் முகத்துக்கு நேரே காற்று வருவதற்கு ஒரு விரற்கடை அகல இடுக்கு உண்டு. அதன் மேல் ஒரு பூங்கொத்தை வைத்தார்கள். இருந்த கொஞ்ச வெளிச்சமும் போயிற்று. சிறப்பு விருந்தினர் தன் சின்ன வயதில் தெருவில் பார்த்த மோடி வித்தையைப் பற்றி நிதானமாகப் பேசத் தொடங்கினார். நான் முதலில் எண்ணிக்கொண்டிருந்தேன். முந்நூறு வரை எண்ணியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எண்கள் குழம்பின. உடை நனைந்து முதுகோடு ஒட்டியது. தட்டலாம் என்று நினைத்தேன். தட்டினால் மைக் பக்கத்திலேயே இருக்கிறது, அரங்கம் முழுவதற்கும் கேட்கும், வித்தை போய்விடும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையை மடக்கியே வைத்திருந்தேன். பிறகு கை இருக்கும் இடமே எனக்குத் தெரியவில்லை.

அடுத்து நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். யோகன் அண்ணன் இடுப்பில் சுத்தியல் தொங்க, வேலைச் சட்டையோடு மேடைக்கு நடந்து வந்திருக்கிறார். விருந்தினர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேசையை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். கேடயங்கள் கீழே விழுந்து உருண்டன. ஜனம் சிரித்தது. விருந்தினர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார்.

எனக்குக் கண் தெளிந்தபோது மாஸ்டர் எதிரே நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது.

“எதுக்குத் தள்ளினீங்க?” என்று யோகன் அண்ணனைக் கேட்டார்.

“உள்ள ஆள் கிடக்குது சேர். பத்து நிமிசம் தாண்டிட்டுது.”

“தட்டினாங்களா?”

“இல்லை.”

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு உள்ள முடியலையாம்மா?”

இந்த இடத்தை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். என் விசா இஸ்திரி வேலையிலிருந்து மேடைக் கலைஞராக மாறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முடியவில்லை என்று சொன்னால் திரும்பவும் இஸ்திரிப் பெட்டிக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். அது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தட்டாமல் இருந்தேன் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

“இல்லீங்க சார். நல்லாத்தான் இருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பேன்,” என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தால் யோகன் அண்ணன் தேவையில்லாமல் மேடைக்கு வந்து நிகழ்ச்சியைக் கெடுத்தவர் ஆனார். துபாய் திரும்பியதும் அவரைக் காட்சிகளிலிருந்து எடுத்துவிட்டு, கிடங்கில் பலகை அறுக்கப் போட்டார்கள். விமான நிலையத்தில் பெட்டிகளுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் வந்து, “நீர் ஏன் பொய் சொன்னனீர்?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. விளங்காத ஒன்றைக் கேட்பது போலக் கேட்டார். நான் பெட்டிகள் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் என்னை இரும்பு மனுஷி என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன்.

மாஸ்டரிடம் துரை எழுதிய குறிப்புகளின் தட்டச்சு நகல் ஒன்று இருந்தது. யாரோ லண்டன் நண்பர் அனுப்பியது. உடைகளின் விவரம் சரிபார்க்க அதை இஸ்திரிப் பகுதியில் வைத்திருந்தார்கள். எனக்கு ஆங்கிலம் பேசினால் கொஞ்சம் விளங்கும், படிக்க வராது. போன் கேமராவைப் பக்கத்தின் மேல் பிடித்தால் தமிழில் காட்டும் அல்லவா, அப்படி ஒவ்வொரு பக்கமாகப் படிக்க ஆரம்பித்தேன். போன் செய்த மொழிபெயர்ப்பு வேடிக்கையாக இருக்கும். ஓரிடத்தில் துரை மழைக்காலத்தில் “வீங்கினார்” என்று இருந்தது. வீங்கியது கதவு என்று கண்டுபிடிக்க ஒரு நாள் ஆயிற்று.

துரை முதலில் தேவாலயங்களில் ஆர்கன் வாத்தியத்தின் துருத்திகளைப் பழுது பார்த்தவர். ஆவிகளைக் கூப்பிடுவதாகச் சொன்ன ஒருவர் வீட்டுக்கு வாத்தியம் சரி செய்யப் போயிருக்கிறார். அங்கே ஆவி வீசிய காற்று எந்தத் துருத்தியிலிருந்து வருகிறது என்பது அவருக்கு ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. அதைவிட நன்றாகத் தன்னால் செய்ய முடியும் என்று மேடைக்கு வந்தவர். எரிவாயு விளக்கின் சூடு, முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்த பத்திரிகைக்காரர், ஒரு கீலுக்கு எத்தனை சொட்டு எண்ணெய் என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தார். மேசைக்குள் படுத்த மனைவியைப் பற்றி மட்டும் எதுவும் இல்லை. அவர் பெயர்கூட இல்லை, ஒற்றை ஆங்கில எழுத்துதான். நான் அந்த எழுத்தைத் தேடித் தேடிப் படித்தேன். ஓரிடத்தில் அவருக்குச் சளி பிடித்திருந்தது. ஓரிடத்தில் புது உடை தைத்துக்கொண்டார். உள்ளே எப்படி இருந்தது என்று அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மேசையின் படம் ஒரு பக்கத்தில் இருந்தது. உள்ளேயிருந்து மேடையின் ஓரம் வரை மெல்லிய கோடு ஒன்று போயிற்று. அது புறா பறக்கவிடும் நூல் என்று மாஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் இந்த வித்தையில் புறாவே கிடையாது. பிறகு எதற்கு நூல்? மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டு சட்டைகளைத் தேய்த்தேன். படத்துக்குக் கீழே இருந்த சின்ன எழுத்துகளைப் போன் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகக் காட்டியது. “விரல்” என்பது மட்டும் எல்லாவற்றிலும் வந்தது. அந்த நூல் மனைவியின் விரலில் கட்டியது. இன்னொரு முனை மேடை ஓரத்தில் திரை இழுக்கும் ஆளின் கையில்.

இன்னும் சில பக்கம் தள்ளி, ஒரு நாள் அந்த நூல் இழுக்கப்பட்டதாக எழுதியிருந்தார். அவள் இழுத்தாள், திரை விழுந்தது, ஆவிகள் இன்று களைத்துவிட்டன என்று ஜனங்களிடம் சொல்லி அனுப்பினேன், அவ்வளவுதான். மறுநாள் வழக்கம் போல இரண்டு காட்சி. அந்த மனைவி ஏன் இழுத்தார்? எலி வந்ததா, மயக்கம் வந்ததா? கடைசிப் பக்கம் வரை தேடியும் கிடைக்கவில்லை. கீலுக்கு எண்ணெய்ச் சொட்டு எண்ணியவர் இதை எழுதாமல் விட்டிருக்கிறாரே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. இழுத்ததற்கும் திரை விழுந்ததற்கும் நடுவில் ஒரு சொல்கூட இல்லை. அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

காகிதங்களை எடுத்துக்கொண்டு மாஸ்டரின் அறைக்குப் போனேன். நூல் எதற்கென்று சொன்னதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படத்தை ஆர்வமாகப் பார்த்தார்.

“நம்மகிட்டதான் தட்டுற ஏற்பாடு இருக்கே,” என்றார்.

“தட்டினா ஜனத்துக்குக் கேக்கும் சார். அதனால தட்ட மாட்டோம். அது துரைக்குத் தெரிஞ்சிருக்கு.”

“நீங்க இதுவரைக்கும் தட்ட வேண்டி வரலையே.”

“வந்துச்சு சார். குவைத்துல எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. கை எங்க இருக்குன்னே தெரியல. யோகன் அண்ணே வராட்டி என்ன ஆகியிருக்குமோ. நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

அவர் காகிதத்தைக் கீழே வைத்தார்.

“எட்டு மாசம்,” என்றார். “எட்டு மாசமா அந்த மனுஷன் அங்க பலகை அறுத்துட்டிருக்கார்.”

என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் எழுந்து, என்னையும் கூட்டிக்கொண்டு கிடங்குக்கு நடந்தார். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, எல்லோர் முன்னாலும் யோகன் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். யோகன் அண்ணன் கையிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“நூலை நான் பிடிக்கிறன். இனி உள்ள கிடக்கேக்க பொய் சொல்ல மாட்டீரே?”

“மாட்டேன் அண்ணே.”

“சரி,” என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. முன்பு போல என்னைப் பார்த்துச் சிரிக்க அவருக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

விதியை அன்றைக்கே முடிவு செய்தோம். ஒரு இழுப்பு போதும். இழுத்தால் திரை. என்ன, ஏது என்று கேட்பதெல்லாம் பிறகு. அதன்பின் பல வருடம் நான் விரலில் நூலோடு படுத்திருந்தேன். ஒரு முறையும் இழுக்க வேண்டி வரவில்லை. முழங்கால் தேய்ந்து மடிக்க முடியாமல் போனபோது வெளியே வந்தேன். யோகன் அண்ணன் சங்கிலிகளைப் பார்த்துக்கொள்ள, நூல் என் கைக்கு வந்தது.

எனக்குப் பதிலாக உள்ளே போக வந்தவர் நித்யா. மதுரைக்காரர். கணவர் இங்கே பொறியாளர். நித்யா பள்ளியில் பரதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். எல்லாவற்றையும் ஏன், எதற்கு என்று கேட்பார். ஒத்திகையில் நான்கைந்து முறை நூலை இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் திரையை இறக்கினோம்.

அவருடைய மூன்றாவது காட்சி துபாயில், பெரிய அரங்கம், ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. நித்யா மேசைக்குள் போய்விட்டார். பெட்டி பாதித் தூரம் ஏறியிருந்தது. மாஸ்டர் கையை உயர்த்திக்கொண்டு நின்றார். அப்போது என் விரலில் நூல் இழுபட்டது.

நான் உடனே செய்தேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மை அதுவல்ல. தவறிப் பட்டிருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. ஆயிரம் பேர் கழுத்தை உயர்த்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு முறை இழுக்கிறாளா பார்ப்போம் என்று ஒரு மூச்சு நேரம் நின்றேன். குவைத்தில் நான் சொல்லிக்கொண்ட அதே “இன்னும் கொஞ்சம்” இப்போது வெளியில் நின்ற எனக்குள்ளும் வந்திருந்தது.

“கர்ட்டன்,” என்றேன், திரை இறக்குபவருக்கு மட்டும் கேட்கும் சின்ன மைக்கில்.

திரை விழுந்தது. யோகன் அண்ணன் ஓடி வந்து மேசையைத் திறந்தார். நித்யா கண்ணைத் திறந்துகொண்டு, நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

“என்ன ஆச்சு?” என்றேன்.

“ஒண்ணுமில்லக்கா. வருவீங்களான்னு பார்த்தேன்.”

அவரை அறைந்திருப்பேன். கை உண்மையாகவே எழுந்தது. வெளியே கூட்டம் சலசலத்தது, யாரோ விசிலடித்தார்கள். மாஸ்டர் பொய் மீசையைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார்.

“என்ன?”

நல்ல பொய் ஒன்று எனக்குத் தயாராக வாயில் இருந்தது. காலில் தசை பிடித்துக்கொண்டது என்று சொன்னால் நம்பிவிடுவார். உண்மையைச் சொன்னால் நித்யாவின் வேலை போகலாம். நூலே வேண்டாம் என்றுகூட முடிவு செய்யலாம். யோகன் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள ஒரு பிரச்சினையும் இல்ல சார். இழுத்தா வருவோமான்னு பார்த்திருக்காங்க,” என்றேன்.

மாஸ்டர் நித்யாவைப் பார்த்தார். “இதை ரிகர்சல்ல பார்த்திருக்கலாமே.”

“ரிகர்சல்ல வருவீங்க சார். அது தெரியும். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும்போது வருவீங்களான்னு தெரியலை. தெரியாம எப்படி தினம் படுக்கிறது?”

நித்யா கேட்டதில் என்ன தவறு என்று தேடினால் எனக்கு அகப்படவில்லை. பிற்பாடு அதற்கு ஓர் ஏற்பாடு செய்தோம். புதிதாக உள்ளே போகிறவர், கூட்டம் இருக்கும் ஒரு காட்சியில், முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு தடவை இழுக்கலாம். உங்களுக்கும் அந்த உரிமை உண்டு.

“திரை விழ எவ்வளவு நேரம் ஆச்சு?” என்று மாஸ்டர் கேட்டார்.

“நான் பதினொண்ணு வரைக்கும் எண்ணினேன்,” என்றார் நித்யா.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். “பதினொண்ணு ஜாஸ்தி.”

“ஆமா சார். நான் கொஞ்சம் யோசிச்சிட்டேன்.”

அவர் தலையசைத்தார். பிறகு நித்யாவிடம், “திரும்பப் போறீங்களா?” என்று கேட்டார்.

“இப்பவே போறேன் சார்.”

மாஸ்டர் திரைக்கு முன்னால் போய், எங்கள் ஆள் ஒருவர் கூப்பிட்டார், போய்ப் பார்க்க வேண்டியிருந்தது, எல்லோரும் நலம், மறுபடி முதலிலிருந்து செய்கிறோம் என்று சொன்னார். சிலர் சிரித்தார்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் எழுந்து போயின. திரை பாதியில் விழுந்ததை யாரோ போனில் பிடித்துப் போட்டு, வித்தை தோற்றுவிட்டது என்று அது ஒரு வாரம் சுற்றியது. மாஸ்டர் யாரையும் குறை சொல்லவில்லை.

அன்று இரண்டாம் முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெட்டி விரிந்தது, கடைசி வரிசையில் விளக்கு எரிந்தது, எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் மட்டும் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரை விழுந்ததும் மேசையைத் திறந்தோம். நித்யா எழுந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, விரலில் இருந்த முடிச்சை அவிழ்த்தார்.

“அக்கா, நூல் ரொம்ப நீளம். நான் இழுக்கிறதுல பாதி தொங்கல்லயே போயிடுது. நாளைக்கு ஒரு சாண் குறைச்சுக் கட்டுங்க,” என்றார்.